மஞ்சள் பைக்கு முன்னால்: மருத்துவமனைத் தொற்றுக் கட்டுப்பாடும் சுற்றுச்சூழலும்

மருத்துவமனையில் எந்தப் பொருளை ஒரு தடவையோடு எறிய வேண்டும், எதைக் கழுவி மறுபடி எடுக்கலாம், தரையை எந்த மருந்தால் துடைப்பது, எந்த அறையில் மணிக்கு எத்தனை முறை காற்று மாற வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வது தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு. நுண்ணுயிரியல் மருத்துவர், தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர், அறுவை அரங்கப் பொறுப்பாளர், துப்புரவு மேற்பார்வையாளர் ஆகியோர் கூடி அமைவது அது. நோயைத் தீர்த்துக்கொள்ள வந்தவருக்கு வந்த இடத்திலேயே இன்னொரு நோய் ஒட்டிவிடாமல் காப்பது அதன் வேலை. அந்த வேலையின் போக்கிலேயே, மருத்துவமனை வெளியே தள்ளும் குப்பைக்கும், சாக்கடையில் விடும் ரசாயனத்துக்கும், எரிக்கும் மின்சாரத்துக்கும் கணிசமான பங்கு இந்தக் குழுவின் ஆணைகளாலேயே தீர்மானமாகிவிடுகிறது.

உலகில் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் ஏறத்தாழ 4.4 விழுக்காடு மருத்துவத் துறையிலிருந்து வருகிறது என்று 2019-இல் வெளியான ஒரு சர்வதேசக் கணக்கீடு சொன்னது. இந்தியாவில் மருத்துவக் கழிவு மட்டும் 2020-இல் நாளொன்றுக்கு 650 டன்னைத் தாண்டியது. இதில் எவ்வளவு உண்மையிலேயே நோயாளியைக் காத்தது, எவ்வளவு பழக்கத்தால் சேர்ந்தது என்று பிரித்துச் சொல்லும் தகுதி தொற்றுக் கட்டுப்பாட்டுப் பணியாளருக்கே உண்டு. நிர்வாகி ஒருவர் கையுறையைக் குறைக்கச் சொன்னால் வார்டில் யாரும் கேட்க மாட்டார்கள். காசை மிச்சம் பிடிக்கிறார் என்பார்கள். அதே சொல்லைத் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர் காரணத்தோடு சொன்னால் அது நிற்கும்.

பிரித்துப் போடுவதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரே ஒரு ஊசி போடும் வேலையைக் கூர்ந்து பார்த்தால் இது விளங்கும். சிரிஞ்சின் உறையைக் கிழித்ததும் அந்தத் தாளும் பிளாஸ்டிக்கும் சாதாரணக் குப்பை; அதில் நோய் எதுவும் இல்லை. மருந்து எடுத்த கண்ணாடிக் குப்பி நீலப் பெட்டிக்குப் போக வேண்டும். ஊசி போட்டதும் முனையை நீடில் கட்டரில் கொடுத்து வெட்டினால், வெட்டிய முனை துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டிக்கும் சிரிஞ்சின் உடல் சிவப்புப் பைக்கும் சேரும். கையில் வைத்து அழுத்திய ரத்தம் பட்ட பஞ்சுக்கு மஞ்சள் பை. ஒரு நிமிட வேலை, ஐந்து இடங்கள். கூட்டம் நெருக்கும் புறநோயாளிப் பிரிவில் இவை ஐந்தும் ஒரே பைக்குள் விழுவது எவ்வளவு எளிது என்பது அங்கே ஒரு காலை நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

விழுந்தால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம். மருத்துவமனைக் கழிவில் சுமார் 85 விழுக்காடு வீட்டுக் குப்பையைப் போன்றதே, 15 விழுக்காடுதான் ஆபத்தானது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இரண்டும் கலந்துவிட்டால் நூறும் ஆபத்தானதாகிவிடும். சிவப்புப் பையில் போகும் பிளாஸ்டிக், நீராவியில் கிருமி நீக்கப்பட்டுத் துண்டாக்கப்பட்டு மறுசுழற்சிக்குப் போகிறது. மஞ்சள் பையில் போவது உலைக்குப் போகிறது. 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் உலையின் இரண்டாம் அறையில் 1,050 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பமும், புகையில் டையாக்சின், ஃபியூரான் நச்சுகளுக்குக் கடுமையான வரம்பும் கேட்கின்றன. குளோரின் கலந்த பிளாஸ்டிக் எரியும்போது டையாக்சின் உண்டாவதால், அத்தகைய பைகளையும் கையுறைகளையும் படிப்படியாக விலக்கவும் அவ்விதிகள் ஆணையிட்டன. தப்பான பையில் விழும் ஒவ்வொரு டிரிப் செட்டும் மறுசுழற்சிக்குப் போகாமல் புகைபோக்கி வழியே போகிறது. ஆகவே வார்டு சுற்றில் பையைத் திறந்து பார்த்து, தப்பைக் கண்ட இடத்திலேயே திருத்தும் செவிலியர் ஊர்க் காற்றையும் சேர்த்தே காக்கிறார்.

பை கட்டிய பிறகு நடப்பதும் அவர் பார்வையில் இருக்க வேண்டியதே. சுத்திகரிக்கப்படாத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பைகளுக்குப் பார்கோடு வேண்டும். 75 கிலோமீட்டருக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் மருத்துவமனை தானே எரிக்கவோ புதைக்கவோ கூடாது. இந்தச் சங்கிலி அறுந்தால் என்ன ஆகும் என்பதை 2024 டிசம்பரில் தமிழ்நாடு கண்டது. திருவனந்தபுரத்து மருத்துவமனைக் கழிவுகள் திருநெல்வேலி மாவட்டத்தின் கோடகநல்லூர், நடுக்கல்லூர் பகுதிகளில் கொட்டிக் கிடந்தன. நோயாளிகளின் விவரங்கள் அடங்கிய தாள்களும் அதில் இருந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டபின் கேரளம் லாரிகளை அனுப்பி அவற்றைத் திரும்ப அள்ளிச் சென்றது.

சிற்றூர்களில் கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டம் வாலாஜாபாத் வட்டத்தில் உள்ள தென்னேரியை எடுத்துக்கொள்ளலாம். தொண்டைமான் இளந்திரையனோடு சேர்த்துப் பேசப்படும் பெரிய ஏரி அது. திரையனேரி என்பதே தென்னேரி ஆயிற்று என்பர். இப்படிப்பட்ட ஏரிக்கரை ஊரில் தடுப்பூசி முகாம் முடிந்ததும் மிஞ்சும் முனைகளும் குப்பிகளும் பஞ்சும் கையளவுதான். கட்டடத்தின் பின்புறம் ஒரு குழி தோண்டி மூடிவிடலாமே என்று தோன்றும். விதி அதை அனுமதிக்கத் தயங்குவதற்குக் காரணம் நிலத்தடி நீர். பொதுச் சுத்திகரிப்பு நிலையம் எட்டாத ஊரகப் பகுதியில் மட்டுமே, அதுவும் முன் அனுமதியோடுதான், ஆழக் குழியில் புதைக்கலாம். குழி சுமார் இரண்டு மீட்டர் ஆழம் இருக்க வேண்டும்; குழியின் அடிமட்டத்துக்குக் கீழே குறைந்தது ஆறு மீட்டர் தள்ளியே நிலத்தடி நீர்மட்டம் இருக்க வேண்டும்; வெள்ளம் ஏறும் இடமாக இருக்கக் கூடாது. ஏரி நிரம்பும் மாதங்களில் கிணறுகளில் நீர் எவ்வளவு மேலே வரும் என்பதை ஏரிப் பாசன ஊரார் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே இந்த நிபந்தனை நிறைவேறுவது கடினம். காஞ்சிபுரம் வட்டாரம் சுத்திகரிப்பு நிலையங்களின் வண்டி எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. கிராமச் சுகாதாரச் செவிலியர் முனைகளை வெட்டிப் பெட்டியில் அடைத்து ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ஒப்படைப்பதும், அங்கிருந்து வண்டி தவறாமல் எடுத்துச் செல்வதும்தான் ஏரியைக் காக்கும் வழி. வண்டி வராத நாளைப் பதிவேட்டில் குறித்து மேலே எழுதுவதும் தொற்றுக் கட்டுப்பாட்டு வேலைதான்.

கழிவை ஒழுங்காகக் கழிப்பதைவிடப் பெரிய வேலை, கழிவே உண்டாகாமல் செய்வது. இங்கே முதலில் நிற்பது கையுறை. ரத்தம், உடல்நீர், சளிச்சவ்வு, புண் ஆகியவற்றைத் தொடும்போது கையுறை அவசியம். அதில் பேச்சே இல்லை. ரத்த அழுத்தம் பார்க்க, மாத்திரை கொடுக்க, படுக்கை விரிப்பைச் சரிசெய்ய, சக்கர நாற்காலியைத் தள்ள அது தேவையில்லை. தேவையில்லாத கையுறை தொற்றைக் கூட்டவும் செய்கிறது. கையுறை போட்டவர் கை கழுவ மறந்து, ஒரு நோயாளியைத் தொட்ட அதே கையுறையோடு கதவையும் கோப்பையும் அடுத்த நோயாளியையும் தொட்டுவிடுவார். லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் 2018-இல் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர்களே முன்னின்று, எப்போது கையுறை வேண்டாம் என்று கற்பிக்கும் இயக்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். முதல் ஆண்டிலேயே 21 டன் பிளாஸ்டிக் மிச்சமானது. கை சுத்தம் கெடவில்லை. எதையும் புதிதாக வாங்காமல், கட்டாமல், வெறும் பயிற்சியால் கிடைத்த பலன் இது.

கையுறை குறையும் இடத்தில் கை சுத்தம் கூட வேண்டும். 20 முதல் 30 நொடியில் முடியும் ஆல்கஹால் கைத்தேய்ப்பு, தண்ணீரையும் மிச்சப்படுத்தும். உலகச் சுகாதார நிறுவனம் தந்துள்ள செய்முறைப்படி எத்தனால், கிளிசரால், ஹைட்ரஜன் பெராக்சைடு, காய்ச்சி ஆறிய நீர் ஆகியவற்றைக் கொண்டு மருத்துவமனை மருந்தகமே அதைத் தயாரிக்கலாம். காலியான புட்டிகளைக் கழுவிக் கிருமி நீக்கி மறுபடி நிரப்பலாம்.

டிரிப் செட்டை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்பதும் இதே வகைக் கேள்வி. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மருத்துவமனைகளில் நடந்து 2021-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு, மைய நாளக் குழாய்களோடு இணைந்த செட்டுகளை நான்கு நாளுக்குப் பதில் ஏழு நாளுக்கு ஒருமுறை மாற்றினாலும் ரத்தத் தொற்று கூடவில்லை என்று காட்டியது. குழாயைத் திறந்து மூடும் தடவைகள் குறைகின்றன, செவிலியரின் நேரமும் மிச்சம். ஆனால் ரத்தம், கொழுப்புக் கலவை ஏற்றிய செட்டுக்கு இது பொருந்தாது. எங்கே தளர்த்தலாம், எங்கே கூடாது என்று இப்படி வகைபிரித்து வார்டுக்கு எழுதித் தருவது தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவின் கடமை.

ரசாயனத்தின் பக்கம் வந்தால் பழக்கத்தின் பிடி இன்னும் இறுக்கமானது. அறுவை அரங்கை வாரந்தோறும் ஃபார்மலின் புகை போட்டுப் பூட்டி வைப்பது நம் மருத்துவமனைகளில் பல தலைமுறை வழக்கம். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. மறுநாள் காலை கதவைத் திறந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு உள்ளே போகிறவர் தூய்மைப் பணியாளர். பரப்புகளைச் சோப்பு நீரால் நன்றாகத் தேய்த்துக் கழுவிப் பின் கிருமிநாசினியால் துடைப்பதற்கு இந்தப் புகை ஈடாகாது. அழுக்கின் மேல் படியும் புகை அழுக்கின் அடியில் இருக்கும் கிருமியைத் தொடுவதில்லை. புகை போடுவதை நிறுத்தக் கையெழுத்துப் போட வேண்டியவர் தொற்றுக் கட்டுப்பாட்டு அலுவலர்.

வார்டுகளில் ‘ஹைப்போ’ என்று சொல்லப்படும் சோடியம் ஹைப்போகுளோரைட்டும் பிளீச்சிங் பவுடரும் இதே கதைதான். ரத்தம் சிந்திய இடத்துக்கு அவை வேண்டும். நடைபாதைக்கும் அலுவலக அறைக்கும் சோப்பு நீர் போதும். அளவு பார்க்காமல் கலந்து வாளி வாளியாகச் சாக்கடையில் ஊற்றினால், மருத்துவமனையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டியில் அழுக்கைத் தின்னும் நல்ல நுண்ணுயிர்களே செத்துவிடும். சாயப்பட்டறை நீர் எங்கே போகிறது என்று நெடுநாளாகக் கவலைப்படும் காஞ்சிபுரம் வட்டாரத்துக்கு, மருத்துவமனை நீர் எங்கே போகிறது என்ற கேள்வியும் அந்நியமாக இருக்காது.

துணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அறுவை மேலங்கியும் விரிப்பும் ஒருமுறைப் பொருளாக வாங்கப்படுவது பெருகிவருகிறது. துவைத்துப் பயன்படுத்தும் மேலங்கியின் ஆயுள் முழுவதையும் கணக்கிட்ட அமெரிக்க ஆய்வுகள், எறியும் மேலங்கியோடு ஒப்பிட்டால் பசுங்குடில் வாயு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைவதைக் கண்டன. பச்சைத் துணியைத் துவைத்து ஆட்டோகிளேவ் செய்யும் வழக்கம் நம் அரசு மருத்துவமனைகளில் இன்னும் இருப்பது நல்லது. ஆனால் எந்தத் துணியும் போதும் என்றாகாது. பாவும் ஊடையும் நெருக்கமாக விழாத துணி நனைந்த கணத்திலேயே கிருமியை உள்ளே விட்டுவிடும் என்பதை நெசவு ஊர்க்காரர் எளிதில் புரிந்துகொள்வார். பலமுறை துவைத்து நைந்த பருத்தி விரிப்பு, நீர் புகாத நெருக்க நெசவுத் துணிக்கு நிகராகாது. எத்தனை துவைப்புக்குப் பின் ஒரு விரிப்பை ஒதுக்க வேண்டும், ஓட்டை இருக்கிறதா என்று விளக்கு மேசையில் யார் பார்ப்பது என்பதை எழுதி வைத்த இடத்தில்தான் மறுபயன்பாடு பாதுகாப்பானது.

மறுபயன்பாட்டுக்கு அஞ்சுவோரின் அச்சத்தையும் மதிக்க வேண்டும். 2009-இல் குஜராத்தின் மோடாசாவில், பயன்படுத்திய ஊசிகள் மறுபடி பயன்பட்டதால் மஞ்சள் காமாலை ‘பி’ பரவிப் பலர் உயிரிழந்தார்கள். ஊசியும் சிரிஞ்சும் ஒருமுறைக்கு மேல் கூடாது என்பதில் எந்தச் சுற்றுச்சூழல் வாதத்துக்கும் இடமில்லை. அமெரிக்கர் எர்ல் ஸ்பால்டிங் வகுத்த பழைய பாகுபாடு இங்கே உதவுகிறது: ரத்தத்துக்குள்ளும் திசுவுக்குள்ளும் போகும் கருவி முழுக்கக் கிருமியற்றதாக வேண்டும்; சளிச்சவ்வைத் தொடுவதற்கு உயர்நிலைக் கிருமி நீக்கம்; தோலை மட்டும் தொடும் ரத்த அழுத்தப் பட்டைக்குச் சுத்தம் செய்தால் போதும். மூன்றாம் வகைப் பொருள்களை எறிவதில் பாதுகாப்பு எதுவும் கூடுவதில்லை.

மறுபயன்பாடும் பாதுகாப்பும் ஒருசேர நடக்க முடியும் என்பதற்கு உலகம் காட்டும் சான்று மதுரையில் இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் கண்புரை அறுவைச் சிகிச்சை அளந்து ஆராயப்பட்டது. 2017-இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஃபேக்கோ வகைக் கண்புரை அறுவை ஒன்றுக்கு அங்கே உண்டாகும் கழிவு 250 கிராம். வெளியாகும் பசுங்குடில் வாயு, கரியமிலவாயுக் கணக்கில் ஏறத்தாழ 6 கிலோ. இதே அறுவைக்குப் பிரிட்டனில் ஆவதில் அது 5 விழுக்காடுதான். கருவிகள் குறுகிய நேர நீராவிச் சுழற்சியில் உடனுக்குடன் கிருமி நீக்கப்பட்டு அடுத்த அறுவைக்கு வருகின்றன. மேலங்கி ஒவ்வொருவருக்கும் மாறுவதில்லை. கண்மருந்துப் புட்டி ஒன்று பலருக்குப் பயன்படுகிறது.

தொற்று கூடியதா? அதே நிறுவனம் 20 லட்சம் கண்புரை அறுவைகளின் பதிவை வெளியிட்டது. அறுவை முடிவில் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்ஸசின் செலுத்தப்பட்டவர்களிடம் கண் உட்புறத் தொற்று 0.02 விழுக்காடு, செலுத்தப்படாதவர்களிடம் 0.07 விழுக்காடு. பத்தாயிரம் பேருக்கு இருவர், எழுவர் என்று இதைப் படிக்கலாம். செல்வ நாடுகளின் விகிதங்களோடு தயங்காமல் வைத்துப் பார்க்கக்கூடிய எண்கள் இவை. ஒவ்வொரு தொற்றையும் எண்ணிப் பதிவு செய்தார்கள் என்பதால்தான் மற்றவற்றை எறியாமல் வைத்திருக்க அவர்களால் துணிய முடிந்தது. எண்ணாத மருத்துவமனை இதைப் பார்த்து அப்படியே செய்யத் தொடங்கினால் அது ஆபத்து. கண்ணில் நடந்தது வயிற்று அறுவைக்கும் பொருந்தும் என்றும் கொள்ளக் கூடாது.

காற்றுக்கும் இப்படியொரு பழைய பாடம் உண்டு. டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-இல் தாம்பரத்தில் நிறுவிய காசநோய்ச் சானடோரியம் திறந்த வெளியையும் காற்றோட்டத்தையும் மருந்தாகக் கருதிக் கட்டப்பட்டது. பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் செய்து 2007-இல் வெளியான அளவீடு அந்தப் பழைய அறிவுக்கு எண் தந்தது: சன்னலையும் கதவையும் திறந்து வைத்த அறைகளில் மணிக்கு 28 முறை காற்று மாறியது, இயந்திரக் காற்றோட்டம் வைத்த தனிமை அறைகளுக்கு வகுத்தது 12 முறை. உயரக் கூரையும் பெரிய சன்னலும் உள்ள பழைய கட்டடங்களே முன்னே நின்றன. சன்னலை அடைத்துக் குளிர்சாதனம் பொருத்தும் வார்டு, மின்சாரத்தையும் செலவழித்துக் காசநோய்க் கிருமியையும் உள்ளே சுழல விடுகிறது. புறநோயாளிக் காத்திருப்பு அறைக்கான வரைபடம் வரும்போது, கொசுவலை அடித்த திறக்கும் சன்னலைக் கேட்டு வாங்க வேண்டியவர் தொற்றுக் கட்டுப்பாட்டு அலுவலர். அறுவை அரங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவும் வேறு. அங்கே வடிகட்டிய காற்றே வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சேமிப்பு, தடுக்கப்பட்ட தொற்றுதான். உடனடி, குறுங்காலச் சிகிச்சைக்கு மருத்துவமனையில் சேரும் நூறு பேரில், வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் 15 பேர் அங்கேயே ஒரு தொற்றைப் பெறுகிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது. நல்ல தொற்றுக் கட்டுப்பாட்டால் இத்தகைய தொற்றுகளில் 70 விழுக்காடு வரை தவிர்க்கலாம் என்றும் அது சொன்னது. அறுவைப் புண்ணில் சீழ் பிடித்த ஒருவர் கூடுதலாகப் படுக்கும் பத்து நாளில் எத்தனை டிரிப் செட், எத்தனை கட்டுத்துணி, எத்தனை ஊசி, எத்தனை யூனிட் மின்சாரம் என்று எந்த வார்டுச் செவிலியரும் கணக்குப் போடுவார். அவர் உடலிலிருந்து வெளியேறும் ஆன்டிபயாடிக்கும் நீரில்தான் போய்ச் சேர்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்டு 2010-இல் வந்த ஆய்வுக் கட்டுரை, கடைசி வரிசை மருந்துகளுக்கும் கட்டுப்படாத தன்மையைக் கிருமிகளுக்குத் தரும் என்.டி.எம்-1 மரபணு பரவுவதைச் சென்னை மாதிரிகளிலும் காட்டியது. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளை எதிர்கொள்ள 2012-இல் மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட சென்னைப் பிரகடனம் இதன் தொடர்ச்சி. ஆன்டிபயாடிக் சீட்டைக் கேள்வி கேட்கும் குழு, ஏரிக்குப் போகும் நீரையும் காக்கிறது.

இவ்வளவையும் தாங்குவது சிலரே. 250 படுக்கைக்கு ஒரு முழுநேரத் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பணியாளராவது வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் குறைந்தபட்ச அளவு. அந்த ஒருவரையே வார்டு டியூட்டிக்கும் போட்டுவிட்டால் எதுவும் நடக்காது. பையைக் கட்டி இழுத்துச் செல்லும் தூய்மைப் பணியாளர் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் வருபவர். அவருக்கு மஞ்சள் காமாலை ‘பி’ தடுப்பூசியும் ரண ஜன்னித் தடுப்பூசியும் போட வேண்டும், பயிற்சியும் தர வேண்டும் என்று 2016 விதிகள் சொல்கின்றன. சிவப்புப் பையில் ஊசி முனை கிடந்தால் முதலில் குத்துவது அவர் கையைத்தான்.

புதிய அமைப்பு எதுவும் தேவைப்படாது என்பது ஒரு வசதி. அரசு மருத்துவமனைகளுக்காக 2015-இல் தொடங்கிய காயகல்ப் மதிப்பீடு, தூய்மை, கழிவு மேலாண்மை, தொற்றுக் கட்டுப்பாடு ஆகியவற்றை ஏற்கெனவே ஒன்றாகவே அளக்கிறது. கழிவு பற்றிய குழு ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும்; 30 படுக்கைக்குக் குறைந்த இடங்களில் தகுதியுள்ள ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என நிறவாரியாகக் கழிவின் எடையை எழுதி, ஆண்டுதோறும் ஜூன் 30-க்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையை மருத்துவமனை தன் இணையதளத்திலும் வெளியிட வேண்டும் என்பது விதி. ஊர் மருத்துவமனையின் மஞ்சள் பை போன ஆண்டைவிடக் கனத்திருக்கிறதா, இளைத்திருக்கிறதா என்பதை வாசகர் எவரும் அதில் பார்த்துக்கொள்ளலாம்.